வல்லினம்னா கோபம், மெல்லினம்னா சோகம்: இது சரியா? கவிதைல சத்தம் என்ன வேலை செய்யுது

மியான்மர்ல (பர்மா) மோல்மேன் ஊர்ல தமிழ் படிக்கிற, கவிதையும் எழுதற ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "எதுகை மோனைனு மனப்பாடம் பண்றோம், வல்லினம் வந்தா கோபம் வீரம், மெல்லினம் வந்தா சோகம் காதல்னு எழுதினா மார்க் வருது, ஆனா நெஜமாவே ஒரு எழுத்துக்கு உணர்ச்சி இருக்கா? வெறும் சத்தத்தால கவிஞர் எப்படி ஒரு மூட கொண்டு வர்றாரு, எப்படி கண்ணுக்கு படம் காட்டறாரு?"

ரொம்ப நல்ல கேள்வி தங்கச்சி. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா ரெண்டு வரில சொன்னா மறுபடியும் அந்த மனப்பாட கணக்குலதான் போய் நிக்கும்.

மொதல்ல நேரடி பதில். எந்த எழுத்துக்கும் தனியா ஒரு உணர்ச்சி கெடையாது. ஒரு சத்தம் வந்துகிட்டே இருந்து சட்டுனு மாறுற எடத்துலதான் மூட் பொறக்குது, அதுவும் அந்த சொல்லோட அர்த்தமும் சத்தமும் ஒரே நேரத்துல கை கோத்தாதான். அப்புறம் இன்னொன்னு, கவிதைல சத்தம் காதுக்கு மட்டும் இல்ல, படிக்கிறவங்க வாய்க்கு, உதட்டுக்கு, மூச்சுக்கு. கவிஞர் நம்ம வாய வெச்சு வேலை வாங்கறாரு, நமக்கே தெரியாம.

வல்லினம்னா கோபம்ங்கறது ஏன் தப்புனு பாரு. அக்கா, தங்கம், மகன், இந்த மூணுலயும் க வரிசைதான் இருக்கு. வாய்விட்டு சொல்லு. அக்காவுல மூச்சு தொண்டைகிட்ட நின்னு அடைச்சு வெடிக்குது, தங்கத்துல அந்த வெடிப்பு போயி கனமா உருளுது, மகன்ல அது கிட்டத்தட்ட காத்து மாதிரி நழுவிடுது. பேப்பர்ல மூணும் வல்லினம், வாயில மூணும் வேற வேற. அதனால வல்லின எழுத்த எண்ணி மூட கண்டுபிடிக்க முடியாது. எங்க மூச்சு அடைபடுது, எங்க தொறந்து ஓடுது, எங்க மூக்கு வழியா போகுதுனு பாக்கணும். க்க, ட்ட, ப்ப மாதிரி இரட்டிச்சு வர்ற எடத்துலதான் வல்லினம் நெஜமான வல்லினமா முட்டுது.

இத ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னயே தெரிஞ்சு வெச்சிருந்தாங்கங்கறதுக்கு குறுந்தொகை 28ஆம் பாட்டு ஒண்ணு போதும், ஔவையார் பாடினது. ஊரே தூங்குது, ஒருத்தி மட்டும் பிரிவுல தூக்கம் வராம கெடக்கா.

முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்
ஓரேன் யானுமோர் பெற்றி மேலிட்டு
ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்
அலமரல் அசைவளி அலைப்பவென்
உயவுநோய் அறியாது துஞ்சும் ஊர்க்கே

சத்தமா படிச்சியா? மொத வரில ட்டு, க்கு, தலைய சுவத்துல மோதற மாதிரி ரெண்டு அடி. செவுரு இருக்குனு அவ சொல்லவே இல்ல, ஆனா நம்ம வாய் ரெண்டு தடவ எதுலயோ முட்டிருச்சு. அப்புறம் மூணாவது வரில ஆஅ. இது அளபெடை, நெட்டெழுத்தையும் தாண்டி இழுக்கணும், வாய முழுசா தொறந்தாதான் வரும், ஒரு பொண்ணு கத்தறதுக்கு வாய தொறக்கறா, படிக்கிற நீயும் தொறக்கற. அதுக்கு அடுத்த வரி, அலமரல் அசைவளி அலைப்ப. அ அ அனு மூணு சொல்லும் ஒரே மாதிரி தொடங்கி ல, ர, ள, வனு, கடைசி ப்ப வர்ற வரைக்கும் பெரிசா பிடிமானம் இல்லாம வழுக்குது, காத்து அப்படியும் இப்படியும் தள்ளற மாதிரி. கடைசில துஞ்சும் ஊர், மூக்கொலியோட மூடிக்குது, ஊர் தூங்குது. அஞ்சே வரி. முட்டறது, கத்தறது, அலையறது, தூங்கறது, நாலுக்கும் நாலு வாயசைவு. கோபமா சோகமானு கேட்டா ஒரு வார்த்தைல பதில் சொல்ல முடியாது, அதான் அந்தப் பாட்டோட பெருமை.

இப்ப இதுக்கு நேர் எதிரா ஒண்ணு காட்டறேன். கம்பராமாயணத்துல, ஆரணிய காண்டத்துல, சூர்ப்பணகை அழகான பொண்ணா வேஷம் போட்டு ராமன்கிட்ட வர்ற எடம்.

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்கச்
செஞ்செவிய கஞ்சநிமிர் சீறடிய ளாகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்

செம்பஞ்சும் குளிர்ந்த தளிரும் வருந்தற அளவுக்கு மென்மையான பாதம், தாமரை மாதிரி சின்ன அடி, மயில் மாதிரி, அன்னம் மாதிரி வர்றா. ஞ்ச ஞ்ச ஞ்சனு வந்துகிட்டே இருக்கற சத்தம் சலங்கை மாதிரி கேக்குதுனு எல்லாரும் சொல்லுவாங்க, அது உண்மைதான். ஆனா எனக்கு ரொம்ப பிடிச்சது கடைசி வரி. வஞ்சி, நஞ்சம், வஞ்சம். கொடி, விஷம், சூது. மூணுக்கும் நடுவுல இருக்கற தூரம் ஒரு எழுத்துதான். நாலு வரியும் ஞ்ச கேட்டு கேட்டு காது சொக்கி போயிருக்கும், அந்த சொக்குலயே கம்பர் விஷத்த ஊத்திடறாரு, சத்தத்துல ஒரு பிசிறு கூட இல்ல, அதே இனிமைலதான் நஞ்சும் வருது. அவ ராமன ஏமாத்த பாக்கற மாதிரியே பாட்டு நம்ம காத ஏமாத்துது. இங்க மெல்லினம் சோகமும் இல்ல காதலும் இல்ல, ஆபத்து. பரீட்சைல சொல்லி தந்தத எழுதிட்டு வா, ஆனா மனசுல இத வெச்சுக்கோ.

அடுத்தது வேகம். தமிழ் இலக்கணம் எழுத்த நேரத்தால அளக்குது, இது சாதாரண விஷயம் இல்ல. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு, மெய்க்கு அரை. கண்ணிமைக்கற நேரம், கை நொடிக்கற நேரம்தான் ஒரு மாத்திரைனு தொல்காப்பியம் சொல்லுது. அதோட செய்யுளியல்ங்கற பகுதில தொல்காப்பியர் 20 வண்ணம், அதாவது ஓசை நடை, சொல்றாரு, அதுல வல்லிசை, மெல்லிசை, நெடுஞ்சீர், குறுஞ்சீர், தூங்கல், உருட்டு, முடுகுனு பேர பாத்தாலே தெரியும், எல்லாம் சத்தம் எப்படி நடக்குதுங்கறதுக்கு வெச்ச பேருங்க. எந்த உணர்ச்சிங்கற பட்டியல் இல்ல, எந்த ஓட்டம்ங்கற பட்டியல். முடுகுனா விரட்டல். அது எப்படி இருக்கும்னு பாக்கணும்னா ஜெயங்கொண்டார்கிட்ட போகணும், கலிங்கத்துப்பரணி, 12ஆம் நூற்றாண்டு, குலோத்துங்கன் படை கலிங்கத்து மேல போன கதை.

எடுமெடு மெடுமென வெடுத்ததோர் இகலொலி கடலொலி இகக்கவே
விடுவிடு விடுபரி கரிக்குழாம் விடும்விடும் எனுமொலி மிகைக்கவே

கிட்டத்தட்ட எல்லாம் குறில். நாக்கு ஓடிகிட்டே இருக்கு, மூச்சு வாங்க எடமே குடுக்க மாட்டாரு, குதிரையும் யானையும் மோதற எடத்துல யாருக்கு மூச்சு விட நேரம் இருந்துச்சு? ரெண்டு தடவ வேகமா படிச்சா உனக்கே இதயம் படபடனு அடிக்கும், நடிப்பு இல்ல, மூச்சு பத்தாம அடிக்கறது.

இதே முடுகு நம்ம ஊர் முருகன் கோவில்ல எத்தன தடவ கேட்டிருப்போம். திருப்புகழ்ல முத்தைத்தரு பாட்டு. நம்ம பிள்ளைங்க நிறைய பேரு அர்த்தம் தெரியாமயேதான் பாடுதுங்க, காவடி நேரத்துல தாளத்தோட கேட்டா உடம்பு ஆடும். அந்தப் பாட்டோட பிற்பகுதி ஒரு போர்க்களம், பயிரவி ஆடறா, கழுகும் பேயும் கூட ஆடுது, பறை கொட்டுது, அப்ப வருது பாரு குக்குக்குகு குக்குக் குகுகுகுனு ஒரு வரி, அத நிறைய பேரு வெறும் தாளச்சொல்னு நெனச்சு பாடிட்டு போயிடறாங்க. அது கிழட்டு ஆந்தையோட குரல், முதுகூகைனு அடுத்ததாவே சொல்றாரு. குத்து, புதை, புகுந்து பிடினு ஆந்தை கத்தற மாதிரி அருணகிரிநாதர் கேட்டிருக்காரு. பக்தி பாட்டுக்கு நடுவுல பொணம் கெடக்கற எடத்துல ஒரு ஆந்தை உக்காந்திருக்கு. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் பாடினா அந்த எடத்துல முதுகு சில்லுங்கும்.

வேகத்துக்கு எதிர்ப்பக்கம் தாலாட்டு. ஆராரோ ஆரிரரோ. இதுல மூச்ச முழுசா அடைக்கற சத்தம் ஒண்ணு கூட இல்ல, ஆ, ஓ, நடுவுல ர, அவ்வளவுதான். பாட்டுக்கு அர்த்தமே வேணாம், அந்த நெடிலோட நீளம்தான் தூளிய ஆட்டுது. ஒப்பாரியும் நெடில்தான் இழுக்கும், கவனிச்சிருக்கியா? ஒரே நெடில், ஒண்ணு தூங்க வைக்குது இன்னொண்ணு அழ வைக்குது. அதனாலதான் எழுத்துக்கு தனி உணர்ச்சி இல்லனு மேல சொன்னேன், அர்த்தமும் சந்தர்ப்பமும் சேந்தாதான் நெடில் எதுக்கு நீளுதுனு முடிவாகும்.

வாய வெச்சு வேலை வாங்கறாருனு சொன்னேன்ல, அதுக்கு திருவள்ளுவர் மாதிரி சாட்சி யாரும் இல்ல. துறவு அதிகாரத்தோட மொத குறள், 341:

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்

எதுல இருந்தெல்லாம் வெலகறமோ அதால நமக்கு துன்பம் இல்லங்கறாரு. இத சொல்லும்போது மேல் உதடும் கீழ் உதடும் ஒரு எடத்துல கூட ஒட்டாது, ப ம வ எதுவுமே இல்ல, கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லி பாரு. அதே அதிகாரத்து கடைசி குறள், 350:

பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப்
பற்றுக பற்று விடற்கு

இங்க பிடிச்சுக்கோ பிடிச்சுக்கோனு சொல்ற நேரத்துல உதடு ஒட்டிகிட்டே இருக்கு. வெலகுனு சொல்றப்ப உதடு வெலகியே இருக்கு, பற்றுனு சொல்றப்ப ஒண்ண ஒண்ணு பற்றிக்குது. இத வள்ளுவர் திட்டம் போட்டு செஞ்சாரா தானா அமைஞ்சுதானு சண்டை போடறவங்க போடட்டும், படிக்கிறவங்க வாய்க்கு அது நடக்குது, எனக்கு அது போதும்.

படம் காட்டறது எப்படினு கேட்டியே. சத்தம் உள்ள பொருளுக்கு சத்தம் போடறது சுலபம், சலசலனு தண்ணி, கடகடனு வண்டி. தமிழ் அதோட நிக்கல, சத்தமே இல்லாத வெளிச்சத்துக்கும் சத்தம் வெச்சிருக்கு. பளபள, தகதக, மினுமினு. தங்கம் எங்கயாவது சத்தம் போடுமா? ஆனா தகதகனா அது பெரிசா எரியற மஞ்சள் ஒளி, மினுமினுனா சின்னதா விட்டு விட்டு வர்ற ஒளி, மாத்தி சொன்னா காது ஒத்துக்காது. யாங்கோன்ல இருக்கற தங்க ஷ்வேடகோன் கோபுரம் மத்தியான வெயில்ல தகதகக்கும், ராத்திரி தூரத்து படகு வெளக்கு மினுமினுக்கும். பர்மீஸ்லயும் இந்த இரட்டிக்கற பழக்கம் தாராளமா இருக்கு, மியான்மியான் லா, சீக்கிரம் வானு கடைக்காரம்மா அவசரப்படுத்தறப்ப அந்த இரட்டிப்புலயே அவசரம் இருக்குல்ல.

மழைக்கு பாரதியார் செஞ்சது இன்னும் ஒரு படி மேல. மழை எப்படி பெஞ்சுதுனு வர்ணிக்காம மிருதங்க சொல்ல எடுத்து அப்படியே வெச்சுட்டாரு.

திக்குகள் எட்டும் சிதறி - தக்கத்
தீம்தரிகிட தீம்தரிகிட தீம்தரிகிட தீம்தரிகிட

அதுலயே பின்னாடி கூகூவென்று விண்ணைக் குடையுது காற்றுனு வரும், கூ கூனு ரெண்டு நெடில் காத்து நீளமா ஊதற மாதிரி, அப்புறம் குடையுதுனு குறுகின ஓசைங்க துளை போடற மாதிரி. ஜூன் ஜூலைல தகர கூரைக்கு கீழ இருந்து இத படிச்சா பாரதி யாங்கோன்லயே உக்காந்து எழுதினாரோனு தோணும்.

இப்ப நமக்கு மட்டும் கெடைக்கற ஒரு லாபத்த சொல்றேன். 1960கள்ல தனியார் பள்ளிக்கூடங்கள அரசு எடுத்துகிட்டதுக்கு அப்புறம் இங்க தமிழ் கோவில்லயும் வீட்டுலயும்தான் பொழச்சு வந்துச்சு, அதனால நம்மள்ல நிறைய பேருக்கு தமிழ் மொதல்ல காதுல, அப்புறம்தான் கண்ணுல. அத குறையா நெனைக்காத. இன்னொன்னு, நீ பள்ளிக்கூடத்துல பர்மீஸ் கவிதை படிச்சிருக்க. அந்த மரபுல வழக்கமா ஒவ்வொரு வரிக்கும் நாலு அசை, மொத வரில நாலாவது அசைல வர்ற ஓசை அடுத்த வரில மூணாவதுல வரும், அதுக்கு அடுத்த வரில ரெண்டாவதுல வரும், படிக்கட்டு ஏறற மாதிரி. தன்பவுக்ங்கற மூணு வரி கவிதை முழுக்க இந்த கணக்குதான். தமிழ்ல அசைக்கு பதிலா சொல்ல வெச்சு நானே ஒண்ணு கட்டி பாத்தேன், ஓசை எங்க வருதுனு மட்டும் பாரு:

ஊரைச் சுத்தி ஓடும் ஆறு
ஏறிப் போவோர் நூறு பேரு
இங்க வேறு ஊரார் யாரு

ஆறு, நூறு, வேறு. ஒவ்வொரு வரிலயும் அந்த ஓசை காதுக்கு ஒரு சொல் முன்னாடியே வந்துடுது. அதனால ஒரு நெருக்கம், ஏதோ கிட்ட வர்ற மாதிரி ஒரு உணர்வு. தமிழ் எதுகை அப்படி இல்ல, ஒவ்வொரு அடி தொடக்கத்துலயும் ரெண்டாவது எழுத்து ஒண்ணா நிக்கும், பஞ்சி, செஞ்செவிய, அஞ்சொல், வஞ்சினு. அது அடி எடுத்து வைக்கற நடை, ஒவ்வொரு வரியும் அதே கால்ல தொடங்குது. சினிமா பாட்டுல வர்ற இயைபு வரி கடைசில வந்து ஒண்ணு சேரும், அது முடிவுக்காக காத்திருக்க வைக்கும். மூணும் ஓசை ஒத்து வர்றதுதான், ஆனா எந்த எடத்துல வருதுங்கறத பொறுத்து நம்ம காத்திருப்பு மாறுது, காத்திருப்பு மாறினா மூட் மாறிடும். ரெண்டு மொழி கவிதையும் காதுல இருக்கறவங்களுக்கு இது சொல்லாமயே புரியும், அந்த பாக்கியம் சென்னைல படிக்கிற பிள்ளைக்கு கெடையாது.

கடைசியா ஒரு பாட்டு, இத பத்தி பேசாம என்னால இருக்க முடியாது. பிஜித்தீவு கரும்பு தோட்டத்துல கஷ்டப்பட்ட நம்ம பொண்ணுங்கள பத்தி பாரதியார் பாடினது. நம்ம முன்னோருங்க வந்தது நெல்லுக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும், கரும்புக்கு இல்ல, ஆனாலும் கப்பல் ஏறினவங்க பேரன் பேத்திங்க நாம, இது நம்ம பாட்டும்தான். கரும்புத் தோட்டத்திலே ஆ! னு தொடங்கும். அந்த ஆ குறுந்தொகைல கேட்ட அதே ஆ. உள்ள போனா இது வருது:

அவர் விம்மி விம்மி விம்மி விம்மியழுங் குரல்
கேட்டிருப்பாய் காற்றே

நாலு விம்மி. ஒவ்வொரு ம்ம-லயும் உதடு மூடிக்குது, சத்தம் வெளிய வர வழி இல்லாம மூக்கு வழியா போகுது, ஒடனே இ-னு கொஞ்சம் தொறக்குது, மறுபடி மூடுது. அழுகைய அடக்கறவங்க முகத்துல நடக்கறதும் அதேதான். இங்க விம்மிய எடுத்துட்டு தேம்பினு போட்டு படிச்சு பாரு. அர்த்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ம்பி-ல உதடு வெடிச்சு தொறந்துடும், அழுகை வெளிய வந்துடும். அந்த தோட்டத்துல வெளிய வர விடலங்கறதுதானே விஷயம். அப்புறம் ரெண்டு வரி தள்ளி:

அவர் விம்மியழவும் திறங்கெட்டுப் போயினர்

இப்ப ஒரே ஒரு விம்மிதான் மிச்சம். நாலா இருந்தது ஒண்ணாச்சு, அதுவும் கெட்டுப் போ-னு ட்டு-லயும் ப்போ-லயும் மூச்சு அடைபட்டு நின்னுடுது. அழக்கூட தெம்பு இல்லங்கறத அர்த்தம் சொல்றதுக்கு முன்னாடி சத்தம் சொல்லிருச்சு. நீ கேட்ட கேள்விக்கு இத விட நல்ல பதில் எனக்கு தெரியாது.

நீயும் எழுதறேனு சொன்னியே, அதுக்கு ரெண்டு விஷயம் மட்டும். எதுகை மோனைய வரிக்கு வரி கொட்டாத, எல்லா எடத்துலயும் சத்தம் இருந்தா எந்த எடத்துலயும் கேக்காது, கவிதைல எந்த எடத்துல மனசு திரும்புதோ அங்க சத்தத்த திருப்பு, மத்த எடத்துல சும்மா விடு. அப்புறம் எழுதினத படிக்கறப்ப ஒரு முக்கியமான சொல்ல எடுத்துட்டு அதே அர்த்தத்துல வேற சொல்ல வெச்சு படி, நான் விம்மிக்கு பண்ணின மாதிரி. மாத்தினதும் ஒண்ணும் கொறையலனா அந்த எடத்துல நீ இன்னும் சரியான சொல்ல கண்டுபிடிக்கலனு அர்த்தம்.

எழுதினத எழுத்துல அனுப்பாத, உன் குரல்ல படிச்சு ரெக்கார்டிங்கா அனுப்பு. கேட்டுட்டு சொல்றேன்.